காணாத பேயும் சரியாத மலையும்

2010 மார்ச் 13, சனிக்கிழமை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவல்ஸ்டோக் நகரை ஒட்டிய போல்டர் மலையில் ஏறத்தாழ 200 பேர் கூடியிருந்தார்கள். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களும் அவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்களும். பனி மூடிய செங்குத்தான சாய்வில் வண்டியை முழு வேகத்தில் ஏற்றி, எவ்வளவு உயரத்தில் தடம் பதித்துவிட்டுத் திரும்ப முடிகிறது என்று பார்ப்பது அங்கே விளையாட்டு. ‘ஹைமார்க்கிங்’ என்பார்கள். பனிச்சரிவு ஆபத்து மிகுந்திருக்கிறது என்று கனடியப் பனிச்சரிவு மையம் முன்னமே எச்சரித்திருந்தது. பிற்பகலில் மலை உடைந்து இறங்கியது. 2 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். எச்சரிக்கையை மதிக்காத கூட்டம் என்று ஒரு வரியில் தீர்ப்பெழுதி இந்தச் செய்தியைக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்தால் அதற்குள் இருக்கும் கேள்வியைத் தவறவிடுவோம். மலை உடைவதற்கு முன் ஏறித் திரும்பிய ஒவ்வொரு வண்டியும் கீழே நின்றவர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னது: ஏறினேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவர் அதைக் கேட்டு ஏறினார். அவரும் திரும்பிவந்து அதையே சொன்னார். கண்ணெதிரே குவிந்துகொண்டிருந்த இந்தச் சான்று, எங்கிருந்தோ வந்த எச்சரிக்கைச் சொல்லைவிடக் கனமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் அது சான்றுதானா? ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது எதை நிரூபிக்கிறது? அறிவின் இலக்கணம் பற்றிய இந்தக் கேள்வி அறத்தின் கேள்வியும்கூட என்பதே என் வாதம்.

முதலில் மலையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். உயிர்களைக் கொள்ளும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை பொலபொலவென்று உதிரும் பனியால் ஆனவை அல்ல. காற்றும் எடையும் சேர்ந்து இறுக்கிய ஒரு பனிப்பலகை, தனக்குக் கீழே புதைந்திருக்கும் நலிந்த அடுக்கின் மேல் படுத்திருக்கிறது. அந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் நொறுங்கல் அலைபோல் ஓடிப் பரவுகிறது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாத பலகை முழுவதுமாக வெடித்து வழுக்குகிறது. 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. ஸ்னோமொபைல்காரர்கள் விரும்பித் தேடும் சாய்வுகளும் அவையே. நலிந்த அடுக்குகளில் மிகக் கொடியது, தெளிந்த வானமுள்ள குளிரிரவில் பனியின் மேற்பரப்பில் பூக்கும் இறகு போன்ற படிகம். தமிழில் புல்நுனித் துளிக்கும் இமயத்து வெண்மைக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். இந்தப் படிகம் அந்த இரண்டுக்கும் நடுவிலானது, மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் பனித்துளிக்கு உறைந்த உறவு. காலை வெயிலில் மலை முழுக்க மின்னும். மறுநாள் அதன்மேல் அரை அடி பனி பெய்தால் மின்னல் மறைந்துவிடும், ஆபத்து தொடங்கிவிடும். வாரக்கணக்கில் அது அப்படியே கிடக்கக்கூடும். மேலே பார்ப்பவருக்குத் தெரிவது வெண்மை மட்டும்.

மறைந்திருப்பதைத் தேடிப் பார்க்க வழிகள் இல்லாமல் இல்லை. குழி தோண்டி, 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டிப் பார்ப்பார்கள். எந்தத் தட்டில் தூண் வெட்டுப்படுகிறது, எந்த ஆழத்தில், எவ்வளவு துப்புரவாக என்பது அடுக்குகளைப் பற்றிச் சொல்லும். ஆனால் 10 மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு விடை வரலாம். பாறைக்கருகே பனி மெலிந்த இடத்தில் நலிந்த அடுக்கு மேலே கிடக்கும். நடுச்சாய்வில் ஆழத்தில் கிடக்கும். முதல் 9 வண்டிகள் கனத்த பனியின் மேல் பத்திரமாக ஓடிவிட, பத்தாவது வண்டி மெலிந்த இடத்தைத் தொட்டு மொத்தச் சாய்வையும் உடைப்பது இதனால்தான். மலை தானாகத் தரும் அடையாளங்களும் உண்டு. அண்மையில் சரிந்த தடங்கள், வண்டியின் முன்னால் கண்ணாடி விரிசல் போல் ஓடும் கீறல், காலடியில் பனி அமுங்கும்போது எழும் ‘வும்ப்’ என்ற அடங்கிய ஓசை. சறுக்குக்கட்டை கட்டிக்கொண்டு மெல்ல ஏறுபவர் அந்த ஓசையைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்து நிற்பார். தலைக்கவசத்துக்குள் எஞ்சின் இரைச்சலோடு போகிறவருக்கு அது கேட்பதில்லை. சறுக்குபவர் ஒரு நாளில் ஓரிரு சாய்வுகளைக் கடக்கும்போது இவர் பல பத்துச் சாய்வுகளைக் கடந்துவிடுகிறார். இயந்திரம் வீச்சைக் கூட்டுகிறது, செவியைப் பறித்துக்கொள்கிறது. அதை அணைத்துவிட்டு, கவசத்தைக் கழற்றி, இறங்கி நடந்து பார்ப்பதற்கு மட்டுமே அந்தச் செவியைத் திருப்பித் தரும் ஆற்றல் இருக்கிறது.

இங்கே நம்முடைய தத்துவ மரபு நெடுங்காலம் முன்பே கூர்மையாக ஆராய்ந்த ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இல்லாததை ‘இல்லை’ என்று எப்படி அறிகிறோம்? தரையில் குடம் இல்லை என்கிறேன். இன்மையைக் கண் எப்படிக் காணும்? பட்ட மீமாம்சகரும் அத்வைதிகளும் இதற்கென்றே அனுபலப்தி, அதாவது காணாமை என்று ஒரு தனி அளவையை (அறியும் வழியை) வகுத்தார்கள். நியாய தரிசனத்தார் தனி அளவை வேண்டியதில்லை, காட்சியே போதும் என்றார்கள். பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் வைத்தார். தமிழில் 13-ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் அபாவம் (இன்மை) உட்படப் பத்து அளவைகளை எண்ணி, அவை எல்லாம் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறது. இவ்வளவு கருத்து வேறுபாட்டுக்கு நடுவே ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுகிறது. காணாமை எல்லாம் இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லக்கூடிய பொருளின் காணாமை மட்டுமே சான்றாகும். நல்ல வெளிச்சத்தில், திறந்த தரையில், குடம் இருந்தால் கண்ணில் பட்டே தீரும். ஆகவே படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் இந்த வாதம் செல்லாது. தர்மகீர்த்தி தரும் மறுதலை எடுத்துக்காட்டு பேய். பேய் என்பது இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாதது என்று வைத்துக்கொண்டால், ‘இங்கே பேயைக் காணோம், ஆகவே பேய் இல்லை’ என்பது தவறான முடிவு. அங்கே நமக்குச் சொல்ல உரிமையுள்ள சொல் ‘தெரியவில்லை’ என்பதுதான்.

பேய் உண்டா என்பது இருக்கட்டும். புதைந்த பனிப்படிகம் உறுதியாக உண்டு. நொறுங்கும்வரை அது தன்னைக் காட்டாது. ஆகவே ‘ஏறினோம், சரியவில்லை’ என்பது இருட்டறையில் குடத்தைத் தேடியவரின் வாக்குமூலம். இந்த நிபந்தனையை மலைக்குப் பொருத்திப் பார்த்தால் அடையாளங்களின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெளிவாகும். ‘வும்ப்’ ஓசை கேட்டால் ஆபத்து உண்டு என்பதற்கு அது சான்று. கேட்காவிட்டால் ஆபத்து இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. தட்டிப் பார்த்த தூண் எளிதில் உடைந்தால் திரும்பிப் போகலாம். உடையாமல் நின்றால் முன்னே போகலாம் என்று பொருளில்லை. அச்சத்துக்கு ஆதரவான சான்றுகளை மலை தருகிறது. தைரியத்துக்கு ஆதரவான சான்றுகளைத் தரும் அமைப்பே அதற்கு இல்லை. இதை நேர்மை இல்லாத ஏற்பாடு என்று மனம் முறையிடும். ஆபத்துக்கு ஒரு சான்று போதும், பத்திரத்துக்கு நூறும் போதாதா என்று கேட்கும். ஆம், போதாது. கேட்கும் இடம் அப்படி.

ஆபத்துநிலை அட்டவணை இதற்கு நல்ல விளக்கம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பனிச்சரிவு ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். உயிரிழப்புகள் பெருமளவில் நிகழ்வது ஐந்தாம் படியில் அல்ல, நடுவில் நிற்கும் மூன்றாம் படியில். அந்தப் படியின் வரையறையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: மலை தானாகச் சரிவது நிகழக்கூடும், மனிதர் தொட்டால் சரிவது நிகழவே வாய்ப்பு அதிகம். நான்காம் ஐந்தாம் படிகளில் மலை தானே பேசுகிறது. கண்ணெதிரே சரிந்து விழுகிறது, வழிகளை மூடுகிறது, மனிதர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றாம் படியில் மலை பேசாமல் இருக்கிறது. அதன் மௌனத்தை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம். பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் சரிவைத் தூண்டியவர் பலியானவரோ அவருடன் சென்றவரோதான் என்பது இத்துறையில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. மேலிருந்து விழும் இடி போல் எங்கிருந்தோ வந்து தாக்குவதில்லை அது. நம் எடையை எதிர்பார்த்துக் கிடக்கிறது.

அனுபவசாலிகள் இதை மறுப்பார்கள். இருபது குளிர்காலங்கள் இதே மலையில் ஓட்டியவருக்கு ஒரு உள்ளுணர்வு வாய்த்திருக்காதா? மற்ற தொழில்களில் வாய்க்கிறதே. வாய்க்கிறது, ஏனென்றால் அங்கே தவறு உடனே திருத்தப்படுகிறது. தோசைக்கல் காய்ந்ததா என்று நீர் தெளித்துப் பார்க்கிறோம். கல் அந்தக் கணமே பதில் சொல்கிறது. ஆயிரம் முறை தெளித்தவர் கை அதைக் கற்றுக்கொள்கிறது. உளவியலாளர் ராபின் ஹோகார்த் இப்படித் திருத்தும் சூழலையும் திருத்தாமல் ஏமாற்றும் சூழலையும் பிரித்துக் காட்டினார். பனிமலை இரண்டாவது வகை. தவறான முடிவெடுத்தவருக்கும் அது பெரும்பாலும் நல்ல நாளையே பரிசாகத் தருகிறது. ஒரு கணக்குக்காக, ஆபத்தான ஒரு நிலைமையில் 200 ஏற்றங்களுக்கு ஒன்று சரியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலைமையில் 100 முறை ஏறும் பத்துப் பேரில் சுமார் ஆறு பேர் ஒரு சரிவையும் பார்க்காமல் தப்பிவிடுவார்கள். அந்த ஆறு பேரும் தம்மைத் திறமைசாலிகள் என்று நம்புவார்கள், இளையவர்களுக்கு வழிகாட்டுவார்கள். அவர்கள் கற்றது மலையைப் பற்றி அல்ல. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் தம் கண்டனகண்டகாத்யத்தில் எழுப்பிய ஒரு சிக்கல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று ஒருவன் குத்துமதிப்பாகச் சொல்ல, அது சரியாகவே அமைந்துவிடுகிறது. அவன் சொன்னது உண்மைதான். அவனுக்கு அது தெரியும் என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், ஒரு நம்பிக்கை உண்மையாக முடிவது அதை அறிவாக்கப் போதாது. பத்திரமாகத் திரும்பியவரின் ‘எனக்குத் தெரியும்’ என்ற சொல்லும் சோழியை எண்ணாமல் எண்ணிக்கை சொன்ன சொல்தான். இயன் மக்கேமன் என்ற ஆய்வாளர் 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பழகிய இடம் என்ற நினைப்பு, குழுவின் ஏற்பைப் பெறும் ஆசை, வந்த காரியத்தை முடித்துவிடும் பிடிவாதம், குழுவில் ஒருவர் மேல் வைத்த கண்மூடிய மதிப்பு, மற்றவர்கள் உடனிருப்பதால் கூடும் துணிச்சல், முதல் தடம் பதிக்கும் வேட்கை: எச்சரிக்கை அடையாளங்கள் கண்முன் இருந்தபோதும் மனிதரை நகர்த்தியவை இவை என்று அவர் காட்டினார். இந்த ஆறில் ஒன்றுகூடப் பனியைப் பற்றிய செய்தி அல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்ற நிபந்தனை நிறைவேறும்வரை அடியெடுத்து வைக்கக்கூடாது என்றால் குளிர்காலத்தில் யாரும் மலைக்கே போக முடியாது. ஏன், சாலையில் வண்டி ஓட்டவும் முடியாது. இதற்குப் பதில் கேள்வியை மாற்றுவதில் இருக்கிறது. ‘இந்தச் சாய்வு இன்று சரியுமா?’ என்பது விடை காண முடியாத கேள்வி. ‘சரிந்தால் என்ன ஆகும்?’ என்பது விடை காணக்கூடியது. பனியின் உள்ளம் தெரியாது, நிலத்தின் வடிவம் தெரியும். சாய்வு 30 பாகைக்குக் கீழா மேலா என்பதைச் சிறு கருவியால் அளந்துவிடலாம். மேலே தொங்கும் செங்குத்துச் சாய்வு என் பாதையில் வந்து கொட்டுமா, கீழே ஓடைப் பள்ளமோ மரக்கூட்டமோ இருந்து அள்ளிவருவதைக் குவித்துப் புதைக்குமா, நண்பர்கள் வண்டிகளை நிறுத்தியிருக்கும் இடம் சரிவு எட்டாத இடமா: இவையெல்லாம் பகல் வெளிச்சத்துக் குடங்கள். இருந்தால் தெரியும், தெரியாவிட்டால் இல்லை. கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் 2004-இல், அன்றைய பனியின் நிலையைக் கணக்கில் எடுக்காமல் நிலத்தை மட்டும் வைத்து மலைப்பகுதிகளை மூன்று வகையாகப் பிரிக்கும் ஓர் அளவுகோலை வகுத்தது. அறியக்கூடியதையும் அறிய முடியாததையும் பிரித்துவைத்த அந்தச் செயலில் எனக்குப் பெரிய தத்துவ முதிர்ச்சி தெரிகிறது. அப்படியானால் காண்டலுக்கும் கருதலுக்கும் உரிய இடம் நிலம். பனிக்கு உரிய அளவை உரை. வட்டாரம் முழுவதும் சுற்றிப் பல குழிகளையும் வானிலையையும் பல வார வரலாற்றையும் தொகுத்துத் தருகிற அறிக்கையின் சொல். அன்றாட வாழ்வில் கண்ணால் கண்டது கேட்டதைவிட மேல் என்றுதான் பழகியிருக்கிறோம். இந்த ஒரு துறையில் வரிசை தலைகீழ். என் கண் ஒரு மலையின் மேற்பரப்பைப் பார்க்கிறது. அறிக்கை அதன் கடந்தகாலத்தைப் பார்த்திருக்கிறது. அறிக்கை தவறுவதும் உண்டு. ஆனால் அது ‘ஆபத்து’ என்று சொல்லி என் கண் ‘இல்லை’ என்று சொன்னால், என் கண்ணுக்கு அந்த ‘இல்லை’யைச் சொல்லும் தகுதியே கிடையாது.

இதுவரை சொன்னது அறிவைப் பற்றி. தவறாக அறிந்தவர் பாவம் ஏமாந்தவர் என்று விட்டுவிடலாமே, அதில் அறம் எங்கே வந்தது? 1877-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி டபிள்யூ. கே. கிளிஃபர்ட் எழுதிய ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. குடிபெயர்வோரை ஏற்றிச்செல்லும் பழைய கப்பல் ஒன்றின் உரிமையாளர். கப்பல் பழுது பார்க்கப்பட வேண்டியது என்று அவருக்கு ஐயம். எத்தனையோ பயணங்களில் எத்தனையோ புயல்களைக் கடந்து பத்திரமாக வந்த கப்பல்தானே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களை இறைவன் கைவிடமாட்டான் என்றும் நினைக்கிறார். ஐயம் தணிகிறது. கப்பலை மனதார வாழ்த்தி அனுப்புகிறார். அது நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் மனப்பூர்வமாகவே நம்பினார், ஆனால் தம்முன் இருந்த சான்றை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை, ஆகவே அந்த உயிர்களுக்கு அவரே பொறுப்பு என்கிறார் கிளிஃபர்ட். அடுத்த படிதான் முக்கியமானது. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றத்தில் இம்மியும் குறையாது. குற்றம் வெளியே தெரியாமல் போயிருக்கும், அவ்வளவே. கிளிஃபர்ட் ஏட்டுச் சுரைக்காயாக இதை எழுதவில்லை. 1870-இல் சிசிலிக் கடற்கரையில் கப்பல் விபத்தொன்றில் சிக்கிப் பிழைத்தவர் அவர். கப்பல்காரர் சொல்லிக்கொண்ட இரண்டு சமாதானங்களையும் பாருங்கள். முன்பு பத்திரமாக வந்தது, இறைவன் காப்பான். முந்தைய தடங்களைக் காட்டிச் சாய்வில் ஏறுபவர் சொல்வதும் இதையே. நம்பிக்கை தானாக வந்து உட்காருவதில்லை. ஐயத்தை வெளியே அனுப்பி அதற்கு இடம் செய்து கொடுக்கிறோம். அறத்தின் கண் அந்த வெளியேற்றத்தின் மேல்தான் விழ வேண்டும். மலை உடைந்த நாளும் உடையாத நாளும் அங்கே ஒன்றே.

கிளிஃபர்டுக்கு மறுப்பாக அமெரிக்கர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் ‘நம்பும் விருப்பம்’ என்ற உரையை நிகழ்த்தினார். சான்று போதாத இடத்திலும் முடிவெடுத்தே ஆக வேண்டிய தருணங்கள் வாழ்வில் உண்டு. அங்கே நம்பாமல் நிற்பதும் ஒரு முடிவுதான் என்பது அவர் கட்சி. அந்த உரை முடியும்போது, மலைக்கணவாயில் சுழலும் பனியிலும் மூட்டத்திலும் நிற்கும் மனிதனின் படிமத்தை இன்னொரு எழுத்தாளரிடமிருந்து எடுத்து வைக்கிறார். வேறொரு கட்டுரையில் ஆல்ப்ஸ் மலையில் சிக்கிய ஏறுபவரைக் காட்டுகிறார்: ஒரு பெரும் தாண்டல்தான் தப்பிக்கும் வழி, தாண்ட முடியும் என்று நம்பினால் கால் உறுதிப்படும், தயங்கினால் நடுங்கி விழுவார். அங்கே நம்பிக்கை தன் உண்மையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. இறைநம்பிக்கைக்கு ஆதரவாக ஜேம்ஸ் சொன்ன இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். நட்பிலும் காதலிலும் வழிபாட்டிலும் அது உண்மை. ஆனால் அவருடைய மனிதன் வேறு வழியின்றி நிற்பவன், தாண்டாவிட்டாலும் சாவு. நம் ஓட்டுநரோ எஞ்சினை அணைத்துவிட்டு, மிதமான சாய்வு வழியாகத் திரும்பி, மாலையில் சூடாகக் காப்பி குடிக்கலாம். கட்டாயம் என்று அவர் உணர்வது நண்பர்களின் பார்வையும் நல்ல வெயிலும் வார இறுதியும் தருவது. இன்னொன்று, ஜேம்ஸின் தாண்டலில் நம்பிக்கை தசையை உறுதிப்படுத்துகிறது. புதைந்த படிகத்துக்குத் தசை இல்லை. என் உள்ளத்து உறுதி அதன் இணைப்பில் ஒன்றைக்கூட வலுப்படுத்தாது. நம்பிக்கையால் மாறக்கூடியதையும் மாறாததையும் பிரித்தறிவது நம்பிக்கை உள்ளவருக்கே முதற்கடமை என்று தோன்றுகிறது.

விதி என்ற சொல்லுக்கு இங்கே நீண்ட பதில் தேவையில்லை. எழுதியிருந்தால் நடக்கும் என்பவர், எழுதியிருப்பது எது என்று தமக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டே அதைச் சொல்கிறார். தெரியாத ஒன்றை முடிவெடுக்கும் காரணமாக எப்படி வைப்பது? பலன் நம் கையில் இல்லை என்ற போதனையைத் துயருற்றவருக்கு ஆறுதலாகவே பெரும்பாலும் சொல்கிறோம். அதன் மறுபக்கம் கடுமையானது. பலன் என் கையில் இல்லை என்றால் நல்ல பலனும் என் கையில் இல்லை. பத்திரமாகத் திரும்பிய நாளை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. எனக்கு உரியது நான் எதை அறிந்து, எதை அறியாமல், என்ன செய்தேன் என்பது மட்டும்.

‘என் உயிர், என் விருப்பம்’ என்ற வாதத்தை அப்படி எளிதாக ஒதுக்க முடியாது. தம் உயிரைத் தாமே பணயம் வைப்பவரைத் தடுக்க நமக்கு என்ன உரிமை? தடுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அந்தச் சாய்வில் யாருடைய உயிர் பணயம் வைக்கப்படுகிறது என்றுதான் கேட்கிறேன். 2008 டிசம்பர் 28 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னிக்கு அருகே ஹார்வி கணவாய்ப் பகுதியில் ஸ்பார்வுட் ஊரைச் சேர்ந்த 11 ஸ்னோமொபைல்காரர்கள் போயிருந்தார்கள். ஒரு சரிவு 7 பேரை மூடியது. மற்ற 4 பேர் தோண்டி எடுக்க ஓடினார்கள். அடுத்த சரிவு அவர்களையும் மூடியது. 11 பேரில் 8 பேர் இறந்தார்கள். அதே மாகாணத்தில் ரோஜர்ஸ் கணவாயில் 1910 மார்ச்சில் ரயில் பாதையை மூடிய சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து மற்றொரு சரிவு இறங்கி 58 பேரைக் கொன்றது. புதைந்தவரைத் தேட வெளியார் வரும்வரை காத்திருக்க முடியாது. முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் பிழைப்பவர் சிறுபான்மை. ஆகவே தேடுவது உடன் வந்தவர்தான், அதுவும் சற்று முன் உடைந்த அதே மலையின் அடியில். வண்டி சாய்வில் சிக்கிக்கொண்டால் உதவ இன்னொருவர் மேலே ஏறுவது ஹைமார்க்கிங்கில் வழக்கம். ஒரே நேரத்தில் இருவர் எடை அந்தப் பலகையின் மேல். ஒவ்வொருவராகத்தான் சாய்வில் இருக்க வேண்டும் என்ற விதி தோழமையின் கையாலேயே உடைகிறது. பத்து நிமிடத்துக்குள் என்னைத் தோண்டத் தயாராக இருக்கும் ஒருவரை நம்பித்தான் நான் ஏறுகிறேன் என்றால், நான் பணயம் வைப்பது என் உயிரை மட்டும் என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக, என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைக்கும் மறுப்பு. விளைவு அறத்தை மாற்றாது என்றால், நண்பரைப் புதைத்த சரிவைத் தூண்டியவரும், அதே தவறைச் செய்து ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பியவரும் ஒன்றா? நம் உள்ளம் அப்படி உணர்வதில்லை. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்த முரணுக்கு ‘அறநெறி அதிர்ஷ்டம்’ என்று பெயரிட்டு விவாதித்தார்கள். தன் பிழை எதுவும் இல்லாமலே ஒரு குழந்தை மேல் வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநர் அடையும் துயரம், அதைப் பார்த்து நின்றவரின் துயரத்திலிருந்து வேறு வகையானது என்றார் வில்லியம்ஸ். உண்மை. அந்தத் துயரத்தை ‘நீ குற்றமற்றவன்’ என்ற ஒரு சொல்லால் துடைக்கப் பார்ப்பது கொடுமை. ஆயினும் குற்றம் வேறு, கடன் வேறு. நண்பரை இழந்தவர் இறந்தவரின் குடும்பத்துக்கும் நினைவுக்கும் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவர். தப்பியவருக்கு அந்தக் கடன் இல்லை. முடிவெடுத்த கணத்தின் குற்றமோ இருவருக்கும் சமம். நாம் வழக்கமாகச் செய்வது, கடனுள்ளவரின் தலையில் குற்றம் முழுவதையும் ஏற்றிவிட்டுத் தப்பியவரை விடுவிப்பது. அதனால் இருவருக்கும் அநீதி இழைக்கிறோம். இறந்தவர்களை மடையர்கள் என்று பழிக்கும் குரல் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழுகிறது. அதே சாய்வில் அதற்கு முந்தைய வாரம் ஏறித் திரும்பிய யாரையும் எவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தொழில்முறை வழிகாட்டிகள் அந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். கனடாவில் மலைத்தொழிலில் இருப்பவர்கள் 1991 முதல், அன்றன்று கண்ட பனி, வானிலை, சரிவு விவரங்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றை நடத்துகிறார்கள். ஒரே மலையை விலைக்குக் காட்டும் போட்டி நிறுவனங்கள் இதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. மாலையில் கூடி, விபத்தில்லாமல் முடிந்த நாளைப் பற்றியே பேசுகிறார்கள்: இன்று நாம் சரியாக முடிவெடுத்தோமா, தப்பித்தோமா? பொதுமக்களும் தாம் கண்டதை எழுதி அனுப்ப இன்று இணையத்தில் வழி இருக்கிறது. அங்கே ‘ஏறினோம், ஒன்றும் நடக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பயனில்லை. எந்தத் திசை பார்த்த சாய்வு, எத்தனை பாகை, எத்தனை பேர், எவ்வளவு புதுப்பனி, எஞ்சினை எத்தனை முறை அணைத்துக் கேட்டார்கள், எங்கே தோண்டினார்கள், எங்கே தோண்டவில்லை என்று எழுத வேண்டும். வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிய பிறகு, கை விறைத்திருக்க, இருட்டத் தொடங்கும் வேளையில் எழுத வேண்டிய வரிகள் அவை.